இருபது டாலருக்கு நாற்பது நாள்

நான் முன்பு வேலைபார்த்த ஒரு கல்லூரியில் பருவக் கட்டணத்தைத் தாமதமாகக் கட்டினால் நாளொன்றுக்கு இருபது ரூபாய் தண்டம். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தொடர்ந்து ஒன்பது நாள் வரவில்லை. பத்தாம் நாள் வந்தவளிடம் காரணம் கேட்டேன். "ஃபீஸுக்குப் பணம் மறுநாளே கெடச்சிருச்சு மேம். தண்டத்துக்குத்தான் கெடைக்கல. அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போச்சு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது" என்றாள். கட்டாததால் வரவில்லை, வராததால் இன்னும் ஏறியது. வருகைப்பதிவு குறைந்ததற்கென்று தனியாக ஒரு தண்டமும் அவளுக்காகக் காத்திருந்தது.

தமிழில் ஆய்வுப்பட்டம் வாங்கியவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் முதலில் சொல்லைப் பிடித்துக்கொள்வாள். தண்டம் என்றால் கோல், ஒறுத்தல், அபராதம். வீணாய்ப் போன செலவும் தண்டம்தான். பக்கத்திலேயே தண்டல் நிற்கிறது. வரி வசூலுக்கும் அதே பெயர், வாசலில் வந்து நின்று நாள்தோறும் வசூலிக்கும் கந்துக்கடனுக்கும் அதே பெயர். கல்வெட்டுகளில் தண்டத்தோடு மன்றுபாடு என்ற அழகான சொல்லும் உண்டு. ஊர்மன்றம் விதிக்கும் அபராதம். ஒறுப்பதும் வசூலிப்பதும் நம் மொழியில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. இது தற்செயலா இல்லையா என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்கள் சண்டைபோட்டு முடிக்கட்டும். எனக்கு அந்த மாணவியின் சுழல்தான் மனதில் தங்கியது. அதே சுழலைப் பல மடங்கு பெரிதாக, அமெரிக்காவின் ஒரு சிறுநகரத்தைப் பற்றிய அரசு அறிக்கையில் பிறகு பார்த்தேன்.

மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு உலகம் தெரிந்துகொண்ட ஊர். 2015 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை அவ்வூரின் காவல்துறையையும் நகர நீதிமன்றத்தையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கிச்சூட்டைப் பற்றிப் படிக்கப்போகிறோம் என்று நினைத்துத் திறந்தவர்களுக்குப் பக்கம் பக்கமாகக் கிடைத்தது அபராதக் கணக்கு. அந்தக் கணக்கில் பெயரில்லாத ஒரு கறுப்பினப் பெண் வருகிறார். 2007இல் ஒரே ஒரு முறை காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். அதற்கு இரண்டு சீட்டுகள், 151 டாலர் அபராதம், மேற்கொண்டு கட்டணங்கள். கையில் காசில்லை, இடையிடையே குடியிருக்க வீடும் இல்லை. வாய்தாக்களையும் தவணைகளையும் தவறவிட்டார். 2007க்கும் 2010க்கும் இடையில், ஆஜராகவில்லை என்ற குற்றச்சாட்டு மட்டும் ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாரண்ட், புதிய அபராதம், புதிய கட்டணம். இரண்டு முறை கைதானார். ஆறு நாள் சிறையில் இருந்தார். 2014 டிசம்பர்வரை அவர் கட்டியது 550 டாலர். இன்னும் கட்டவேண்டியிருந்தது 541 டாலர்.

நடுவில் இரண்டு முறை கையில் இருந்ததைக் கொண்டுபோய்க் கட்ட முயன்றிருக்கிறார். ஒரு முறை 25 டாலர், இன்னொரு முறை 50 டாலர். முழுத்தொகையாக இல்லையென்று நீதிமன்றம் இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டது. இந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். கைமாற்றோ, சீட்டுப் பணமோ, எதையோ திரட்டிக்கொண்டு போகும் ஒருத்தியை நாம் எல்லோரும் அறிவோம்.

அப்படியானால் அந்த நாட்டில் நகரங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தண்டிக்கலாமா? கூடாது. அமெரிக்காவில் நகரம் என்பது மாநிலம் பெற்ற பிள்ளை. மாநிலம் கொடுத்த அளவுக்குத்தான் அதற்குக் கைநீளம். நகரம் தன் துணைவிதிகளை மீறுவோருக்கு அதிகபட்சம் எவ்வளவு விதிக்கலாம் என்பதைப் பெரும்பாலும் மாநிலச் சட்டமே சொல்லிவிடும். டெக்சாஸில் பொதுவாக 500 டாலர். தீத்தடுப்பு, நிலப்பயன்பாடு, பொதுச் சுகாதாரம் தொடர்பான விதிகளென்றால் 2,000. இவற்றுக்கெல்லாம் மேலே அரசியல் சட்டத்தின் எட்டாவது திருத்தம் இருக்கிறது. மிகையான அபராதம் விதிக்கக் கூடாது என்று 1791இலிருந்தே அது சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆக, வரம்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு மீறலுக்கு இவ்வளவுதான் என்று போடும் வரம்பு, மீறல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாது. அபராதம் கட்டாததையே இன்னொரு மீறலாக்கிவிட்டால் உச்சவரம்புக்கு உட்பட்டே ஒருத்தியை எட்டு ஆண்டுகள் வசூலிக்கலாம்.

இந்த வரம்பின் மூதாதையைத் தேடிப்போகிறவர்கள் எல்லோரும் 1215இன் மேக்னா கார்ட்டாவில் போய் நிற்பார்கள். அதன் இருபதாம் பிரிவு நியாயமான ஒன்றைச் சொல்கிறது. தண்டம் குற்றத்தின் அளவுக்கு ஏற்ப இருக்கவேண்டும். ஆனால் சுதந்திர மனிதனின் பிழைப்பைப் பறிக்கக் கூடாது, வணிகனின் சரக்கை விட்டுவிடவேண்டும், பண்ணையாளின் உழவுக்கருவியை விட்டுவிடவேண்டும். எவ்வளவு எடுக்கலாம் என்பதோடு எதை விட்டுவைக்கவேண்டும் என்றும் கேட்ட சட்டம். எண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டியலில் பெண்ணுக்கென்று எதுவும் விட்டுவைக்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதே ஆவணத்தில் பெண்கள் வருகிறார்கள். கணவனை இழந்தவளின் சொத்தைப் பற்றி வருகிறது, அவளை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வருகிறது. ஐம்பத்து நான்காம் பிரிவில், கணவனின் கொலையைத் தவிர வேறு யாருடைய கொலைக்கும் ஒரு பெண் கொடுக்கும் புகாரின்பேரில் யாரையும் கைதுசெய்யக் கூடாது என்றும் வருகிறது! கலப்பையைப் பற்றி யோசித்தவர்கள் துவைகல்லைப் பற்றி யோசிக்கவில்லை.

துவைகல் என்று சும்மா சொல்லவில்லை. நகர அபராதத்தின் வரலாற்றில் பெண்கள் கூட்டமாக எதிர்ப்பட்ட முக்கியமான இடம் ஒரு சலவைக்காரர் வேலைநிறுத்தம். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா, 1881 ஜூலை. அடிமைமுறை ஒழிந்து பதினாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்நகரத்தில் கூலிக்கு உழைத்த கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் வீட்டுவேலை செய்தார்கள், அல்லது துணி துவைத்தார்கள். துவைப்பதில் ஒரு சின்ன விடுதலை இருந்தது. வெள்ளைக்கார வீட்டுக்குள் நாள்முழுக்க நிற்கவேண்டாம். திங்கட்கிழமை மூட்டையை வாங்கிவந்து, தன் முற்றத்தில், தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து துவைத்துக் காயவைத்துக் கஞ்சிபோட்டுத் தேய்த்து வாரக்கடைசியில் கொடுக்கலாம். மாதம் நான்கிலிருந்து எட்டு டாலர்வரை வரும். தண்ணீர் சுமப்பதும் சோப்புக் காய்ச்சுவதும் அந்தக் காசுக்குள் அடக்கம்.

முதலில் இருபது பேர் கூடிச் சங்கம் வைத்தார்கள். மூன்று வாரத்தில் மூவாயிரம் பேரானார்கள். மிகச் சில வெள்ளைக்காரப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்று ஒரே கூலி கேட்டார்கள். வீடுவீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். சேராதவர்களோடு வாய்ச்சண்டையும் நடந்தது. நகரம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒழுங்கீனமான நடத்தை, சச்சரவு என்று சங்கப் பெண்களைக் கைதுசெய்தது. ஐந்து பேருக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம். சாரா காலியர் என்பவருக்கு 20 டாலர். அவர் கட்ட மறுத்தார். கட்ட மறுத்தால் நாற்பது நாள், கால்விலங்கோடு வேலைவாங்கும் கைதிக்கூட்டத்தில். அவருக்கு வயது நாற்பத்தொன்பது, ஆஸ்துமா நோயாளி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் வயதையொத்தவர் என்பதால் இந்த எண்ணில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

இருபது டாலருக்கு நாற்பது நாள். அதாவது ஒரு நாளுக்கு அரை டாலர். சாரா காலியரின் உடம்புக்கு அட்லாண்டா நகரம் வைத்த நாட்கூலி அது. எல்லா அபராதச் சட்டத்துக்குள்ளும் இப்படி ஒரு மாற்றுவிகிதம் ஒளிந்திருக்கும்: காசு இல்லாவிட்டால் உடம்பு எத்தனை நாள்? அபராதத்துக்கு வரம்பு வைத்தவர்கள் இந்த விகிதத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. அதனால் காசுள்ளவனுக்கு இருபது டாலரோடு முடிந்துபோகும் தண்டனை, இல்லாதவளுக்கு நாற்பது நாளாக மாறும். அதுவும் விதிக்கு உட்பட்டேதான்.

கைதுகள் பலிக்காதபோது நகரமன்றம் வேறு வழியை யோசித்தது. சலவைக்காரிகளின் சங்கத்தில் இருக்கும் ஒவ்வொருத்தியும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் கட்டவேண்டும் என்று ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. எட்டு டாலர் வருகிறவளுக்கு மூன்று மாத வருமானம், நான்கு டாலர் வருகிறவளுக்கு ஆறு மாதத்துக்கு மேல். அபராதம் என்று பெயர் வைத்தால் வரம்பு குறுக்கே வரும், உரிமம் என்று வைத்தால் வராது. இந்தப் பெயர்மாற்றுத் தந்திரம் இன்றுவரை செத்துப்போகவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் மேயர் ஜிம் இங்கிலீஷுக்கு எழுதிய பதில் யாரும் எதிர்பாராதது. 25 டாலரோ 50 டாலரோ கட்டத் தயார், ஆனால் அதற்குப் பதிலாக நகரத்தின் சலவைத்தொழில் முழுதும் எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். முடிவை உடனே சொல்லுங்கள், இல்லையென்றால் துவைப்பு இல்லை என்ற தொனியில் ஒரு கடிதம். கடைசியில் நகரமன்றம் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. கூலி எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட இதுதான் எனக்கு முக்கியம். ஒரு நகரத்தின் தண்டிக்கும் கை எவ்வளவு நீளலாம் என்பதை நீதிமன்றம் தொடாமலே துவைக்கும் பெண்கள் ஓரிடத்தில் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். சட்டப் பாடநூல்களில் இந்தக் கடிதத்துக்கு இடம் கிடைப்பதில்லை. தொழிலாளர் வரலாற்றாசிரியர் டெரா ஹண்டர் போன்றவர்கள் எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

அதே காலத்தில் நாட்டின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோவில், நகரத் தண்டனைக்கான வரம்பு நீதிமன்றத்திலேயே எழுதப்பட்டது. அது முடியைப் பற்றிய வழக்கு என்பதால் இந்தத் தொகுப்பில் அதற்கு உரிமை உண்டு. ஓர் அறையில் ஆளுக்கு 500 கன அடி காற்று இருக்கவேண்டும் என்ற மாநில விதியை மீறியதாகச் சீனத் தொழிலாளர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களோ அபராதம் கட்ட மறுத்துச் சிறையை நிரப்பினார்கள். சிறையில் இடமில்லை, வருமானமும் இல்லை. 1876இல் நகர நிர்வாகக் குழு ஒரு விதி போட்டது: சிறைக்கு வரும் ஆண் கைதிகளின் தலைமுடியை ஓரங்குல அளவுக்கு வெட்டிவிடவேண்டும். சீன ஆண்களுக்கு நீண்ட பின்னல் மானத்தோடு பிணைந்தது. அதை இழக்கும் அச்சத்தில் காசைக் கட்டிவிடுவார்கள் என்பது கணக்கு. 10 டாலர் அபராதம் கட்டாமல் ஐந்து நாள் சிறைக்குப் போன ஹோ ஆ கோவின் பின்னலை வெட்டினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1879இல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட், இப்படி ஒரு தண்டனையைச் சேர்க்க நகரத்துக்கு அதிகாரமே இல்லை என்றார்.

சுகாதாரத்துக்காகத்தான் வெட்டினோம் என்றது நகரம். சுகாதாரமென்றால் பெண் கைதிகளுக்கும் அல்லவா வெட்டியிருக்கவேண்டும் என்று ஃபீல்ட் கேட்டார். தண்டனையின் உள்நோக்கத்தைக் காட்டிக்கொடுத்தது பெண்களின் வெட்டப்படாத கூந்தல்! முடியை மழித்து ஒருவரை அடக்குவது என்றால் என்னவென்று கைம்பெண்களின் தலையில் கத்தி வைத்த சமூகத்துக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஃபீல்ட் சீனர்களின் நண்பர் அல்லர். பின்னாளில் அவர்களின் நுழைவைத் தடைசெய்த சட்டத்தை ஆதரித்துத் தீர்ப்பெழுதியவர். ஆனால் இங்கே அவர் பிடித்த புள்ளி சரியானது. தொகையைக் கூட்டாமலேயே தண்டனையைக் கூட்டலாம், நகரங்கள் அந்த வழியைத்தான் தேடும்.

1886இன் யிக் வோ வழக்கும் அதே ஊர்தான், அதே சலவைதான். மரக்கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த நகரத்தின் அனுமதி வேண்டும் என்று விதி. ஏறக்குறைய 200 சீனர்கள் கேட்டார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாதவர்கள் எண்பது பேரளவில் கேட்டார்கள், ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. யிக் வோவுக்கு 10 டாலர் அபராதம், கட்டாவிட்டால் டாலருக்கு ஒரு நாள் சிறை. அட்லாண்டாவைவிட விகிதம் கொஞ்சம் மேல்! உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சமத்துவச் சட்டத்தின் மைல்கல்லென்று இந்த வழக்கை உலகமெங்கும் கற்பிக்கிறார்கள். அனுமதி மறுக்கப்பட்ட அந்த ஒரே ஒரு சீனரல்லாதவர் ஒரு பெண், திருமதி மேரி மீகில்ஸ். தீர்ப்பின் பதிவில் ஒரு விதிவிலக்காக அவர் பெயர் வந்துபோகிறது, அவ்வளவுதான். அவருக்கு ஏன் மறுத்தார்கள் என்று யாரும் கேட்டதாக அந்தத் தீர்ப்பில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். 1971இல் ஹூஸ்டன் நகரத்தின் வழக்கு ஒன்றில் போக்குவரத்து அபராதம் 425 டாலர் சேர்ந்துவிட்டது. கட்ட வழியில்லாதவரை நாளுக்கு 5 டாலர் கணக்கில் 85 நாள் நகரச் சிறைப்பண்ணைக்கு அனுப்பினார்கள். அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்துக்கு, ஏழை என்ற காரணத்துக்காகச் சிறை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1983இல் பியர்டன் வழக்கு: கட்ட மறுக்கிறாரா, கட்ட முடியவில்லையா என்று விசாரிக்காமல் சிறையில் தள்ளக் கூடாது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். 2019 பிப்ரவரியில் டிம்ப்ஸ் வழக்கில், மிகையான அபராதத்துக்கான தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. நகரங்களும் அதற்குள் அடக்கம். அதை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். மேக்னா கார்ட்டாவிலிருந்து தொடங்கி, உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையான கறுப்பின மக்கள்மேல் ஊர்சுற்றிகள் என்று அபராதம் போட்டு, கட்ட முடியாதவர்களைக் கட்டாய வேலைக்கு அனுப்பிய சட்டங்கள்வரை அவர் எடுத்துச்சொன்னார்.

இரண்டு முக்கியமான வரம்புகளையும் எழுதியவர்கள் பெண்கள் என்று இங்கே ஒரு மாலை போட்டுவிட்டுப் போகலாம். எனக்கு மனம் வரவில்லை. பியர்டன் தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஃபெர்குசன் நீதிமன்றத்தில், உன்னால் கட்ட முடியுமா என்று முறையாகக் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை. அப்போது சுமார் 21,000 பேர் வாழ்ந்த ஊர் அது. 2014 இறுதியில், அந்த நீதிமன்றம் பிறப்பித்த பிடிவாரண்டு நிலுவையில் இருந்தவர்கள் வெளியூர்க்காரர்களையும் சேர்த்து 16,000 பேருக்கு மேல். நடக்கும் விதம் சரியில்லை என்பதற்கு 302 டாலர், புல்லும் களையும் உயர்ந்துவிட்டதற்கு 531 டாலர் என்றெல்லாம் அங்கே விதித்திருக்கிறார்கள். 2015ஆம் நிதியாண்டுக்கு ஒரு கோடியே 32 லட்சம் டாலர் வருவாயில் 30 லட்சத்துக்கு மேல் அபராதத்திலிருந்து வருமென்று நகரம் முன்கூட்டியே பட்ஜெட் போட்டிருந்தது. குற்றம் நடக்கும் முன்பே அதன் வரவு எழுதப்பட்டுவிட்டது. தண்டமும் தண்டலும் ஒரே திண்ணையில் என்று சொன்னேனே, அதுதான்.

மிசௌரி மாநிலம் அதன்பிறகு கடிவாளம் போட்டது. 2015இல், நகரங்கள் தம் பொது வருவாயில் சிறு போக்குவரத்து அபராதங்களிலிருந்து பெறும் பங்கைக் குறைத்து உச்சவரம்பு கட்டினார்கள். அடுத்த ஆண்டு சிறு போக்குவரத்து மீறலுக்கு, நீதிமன்றச் செலவும் சேர்த்து, 225 டாலர்தான் என்றார்கள். நகரத் துணைவிதி மீறல்களுக்கு பன்னிரண்டு மாதத்துக்குள் முதல் முறை 200, இரண்டாம் முறை 275, மூன்றாவதற்கு 350, அதற்கு மேல் 450. நல்ல சட்டம்தான். எண்ணிக்கையைப் பற்றியும் யோசித்த சட்டம். ஆனாலும் அது டாலரில்தான் யோசிக்கிறது. டாலரில் எழுதவே முடியாத ஒரு தண்டனை இருக்கிறது. அது பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது.

பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்றோர் ஊர். ஒரு வாடகை வீட்டுக்கு நான்கு மாதத்துக்குள் மூன்று முறை ஒழுங்கீனத்துக்காகக் காவல்துறை வரவேண்டியிருந்தால், அந்த வீட்டின் வாடகை உரிமத்தை ரத்துசெய்யலாம், குடியிருப்பவரை வெளியேற்றலாம் என்று அங்கே விதி. குடும்ப வன்முறைக்காக அழைத்த அழைப்பும் அந்த மூன்றில் சேரும். அவ்வூரில் குழந்தையோடு வாழ்ந்த கறுப்பினப் பெண்ணொருவர் முன்னாள் காதலனிடம் அடிபட்டுக்கொண்டிருந்தார். காவலர்கள் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். அவனையல்ல, அவரை. 2012 ஜூனில் அவன் உடைந்த கண்ணாடியால் அவர் கழுத்தில் குத்தினான். இரத்தம் கொட்டும்போதும், காவலை அழைத்துவிடாதீர்கள், வீடு போய்விடும் என்று பக்கத்துவீட்டாரிடம் கெஞ்சியிருக்கிறார். அவர்கள் அழைத்தார்கள். ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பிவந்த சில நாட்களில் நகரம் வெளியேற்றும் வேலையைத் தொடங்கியது.

வழக்கு வரும்போலத் தெரிந்ததும் நகரம் அந்த விதியை நீக்கிவிட்டு, வீட்டுச் சொந்தக்காரர்மேல் அபராதம் ஏறிக்கொண்டே போகும் இன்னொரு விதியைக் கொண்டுவந்தது. சட்டப்படி தண்டனை இப்போது அந்தப் பெண்ணுக்கு இல்லை, சொந்தக்காரருக்குத்தான். ஆனால் அபராதத்துக்கு அஞ்சும் சொந்தக்காரர் முதலில் யாரை வெளியே அனுப்புவார்? அட்லாண்டாவில் அபராதத்துக்கு உரிமம் என்று பெயர் மாறியதுபோல இங்கே அபராதத்தின் முகவரி மாறியது. 2014இல் நகரம் விதிகளைக் கைவிட்டு 4,95,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு பென்சில்வேனியா மாநிலம், வன்முறைக்கோ குற்றத்துக்கோ அவசரத்துக்கோ உதவி அழைத்ததற்காகக் குடியிருப்பவரையோ வீட்டுச் சொந்தக்காரரையோ எந்த நகராட்சியும் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 2022இல் பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான கூட்டரசுச் சட்டத்தைப் புதுப்பித்தபோது, வீட்டிலிருந்து உதவிகேட்கும் உரிமை அதில் தனியே எழுதப்பட்டது. எதை விட்டுவைக்கவேண்டும் என்ற 1215இன் பட்டியலில், கலப்பைக்கும் சரக்குக்கும் பக்கத்தில், ஒருவழியாக ஒரு தொலைபேசி அழைப்பு சேர்ந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபெர்குசனுக்கே திரும்பிப்போகிறேன். அந்த அறிக்கையில் கார் நிறுத்திய பெண்ணைத் தவிர இன்னும் இருவர் இருக்கிறார்கள். பலரும் இவர்களைக் கடந்துபோய்விடுவார்கள், ஏனென்றால் அங்கே பெரிய தொகை எதுவும் இல்லை. அவ்வூரில் ஒரு வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நகராட்சியில் பதிந்து அனுமதி வாங்கவேண்டும். ஒரு பெண் வீட்டில் சண்டை என்று காவலை அழைத்தார். காவலர் வருவதற்குள் காதலன் போய்விட்டான். காவலர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஆண் ஒருவன் அங்கே வசிக்கும் தடயங்கள் தெரிந்தன. அனுமதிச்சீட்டில் அந்தப் பெண்ணின் பெயரும் அவருடைய சகோதரரின் பெயரும்தான் இருந்தன. அழைத்த பெண்ணையே அனுமதி விதியை மீறியதற்காகக் கைதுசெய்து சிறையில் வைத்தார்.

இன்னொரு பெண்ணும் அப்படியே அழைத்தார். அவருக்கும் அதே விதியின் கீழ் ஒரு சம்மன். தன்னைக் கொன்றாலும் சரி, இனி ஒருபோதும் உங்களை அழைக்கமாட்டேன் என்று அவர் சொன்னார். அது நமக்குத் தெரியவந்தது, சம்மன் கொடுத்த காவலர் தன் குறிப்பில் அதையும் எழுதிவைத்ததால்.